சோறு தூரமாக இருக்கிறது

கம்போடியாவுக்குப் போன மூன்றாவது வாரம், இரவுச் சாப்பாட்டின்போது, நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் "சோறு ரொம்ப தூரமா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். கெமர் மொழியில் 'ச்ஙாஞ்' என்றால் ருசி, 'ச்ஙாய்' என்றால் தூரம். கடைசி எழுத்தை மூக்குக்குள் கொண்டுபோக மறந்தால் ருசி தூரமாகிவிடும். அந்த அம்மா முகம் மாறாமல் தட்டை எடுத்து ஒரு சாண் என் பக்கம் நகர்த்தி வைத்து, "இப்ப?" என்றார். வீடே சிரித்தது. அரிச்சுவடியில் ங, ஞ இரண்டையும் சுளுவாகச் சொல்லி வளர்ந்தவன் நான். எனக்கே இந்தக் கதி.

2024 ஆகஸ்ட் நடுவில் தாக்கியோ மாகாணத்துக்கு வந்து சேர்ந்தோம். புனோம் பென்னுக்குத் தெற்கே, வியட்நாம் எல்லையை ஒட்டிய மாகாணம். ஒரு தன்னார்வ அமைப்பின் வழியாக, கிராமத்துப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர்களுக்கு உதவியாக ஒரு வருடம். அதற்கு முன்னால் 10 வாரப் பயிற்சி. காலையில் கெமர் வகுப்பு, மதியம் பாடம் நடத்தும் முறை, மாலையில் அவரவர் வீட்டுக்காரர்களோடு. பயிற்சிக்கு வந்தவர்கள் ஆறு பேர். என்னோடு ஒரு நேபாளத்துப் பெண், ஒரு கென்யாக்காரர், ஒரு பிலிப்பினோ, இரண்டு ஆங்கிலேயர்கள். எல்லோரையும் தனித்தனி வீடுகளில் விட்டார்கள். எனக்கு வாய்த்த வீட்டு அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. கால் வைத்துக் கட்டிய மரவீடு, கீழே ஊஞ்சல் துணி, இரண்டு மாடு, ஒரு மஞ்சள் நாய். அவரை 'மாக்' என்று கூப்பிடச் சொன்னார்கள். அம்மா என்று அர்த்தம்.

எனக்கு ஒரு வியாதி இருந்தது. எதைப் பார்த்தாலும் "எங்க ஊர்லயும் இதே மாதிரிதான்" என்று சொல்வது. அதற்கான கெமர் வார்த்தையை முதல் வாரமே கற்றுக்கொண்டேன்: 'டோச் க்னியா'. ஒன்றுபோலத்தான் என்று பொருள். முன்பின் தெரியாதவர்களையும் அண்ணன், மாமா, தாத்தா என்று முறை சொல்லிக் கூப்பிடுகிறார்களா? டோச் க்னியா. வழியில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்காமல் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்களா? டோச் க்னியா. ஆசிரியையை 'நேக் க்ரூ' என்கிறார்களே, அந்த க்ரூ நம்ம குரு. டோச் க்னியா! ஒரு மாதத்தில் அதுவே என் பட்டப்பெயராகிவிட்டது. கென்யாக்காரர் காலையில் என்னைப் பார்த்ததும் "குட் மார்னிங், டோச் க்னியா" என்பார்.

சொந்த ஊர் உடன்குடி என்பதால், பனையைப் பார்த்ததும் வியாதி முற்றியது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம், கம்போடியாவின் தேசிய மரம். தாக்கியோவில் வயல் வரப்பெல்லாம் பனைதான். மழைக்காலத்தில் நாற்றுப் பச்சைக்கு மேலே ஒல்லியாக, கறுப்பாக, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அப்பா கருப்பட்டி வியாபாரி. இந்த ஊரைப் பார்த்திருந்தால் முதல் நாளே ஒரு சாக்கு எடை போட்டிருப்பார். மாக்கின் தம்பி கோடையில் பனையேறுகிறவர். அவரிடம் போய் வழக்கமான என் வசனத்தைச் சொன்னேன். "எப்படி ஏறுவீங்க?" என்று கேட்டார். காலில் தளைநார் போட்டு, மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுவதை நடித்துக் காட்டினேன். அவர் என்னை ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போனார். கணுக்கிளைகளை ஒரு விரக்கடை விட்டு நறுக்கிய நெடுமூங்கில் ஒன்று மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அந்தக் கணுமுளைகள்தான் படி. "அணைக்கிறதெல்லாம் பொண்டாட்டியை" என்றார். பதநீர் புளிக்காமலிருக்க நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம். இவர்கள் மூங்கில் குழாய்க்குள் ஒரு மரப்பட்டைச் சீவலைப் போடுகிறார்கள். காய்ச்சி இறக்கியதும் நாம் சிரட்டையில் ஊற்றி இறுக விடுவோம். இவர்கள் துடுப்பால் அடித்து அடித்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்து சட்டியில் எடுத்து வைக்கிறார்கள். ஒரு விரலில் தொட்டு நக்கினேன். பிரமாதம். ஆனால் அப்பா இருந்தால் "இது கருப்பட்டி இல்லல, கூழு" என்று சொல்லியிருப்பார்.

அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம்.

செப்டம்பர் கடைசியில் பயிற்சியின் ஏழாவது வாரம் வந்தது. அந்த வாரம் வகுப்பு கிடையாது, ஊர் சுற்றல்தான் என்றார்கள். காரணம் பிச்சும் பென். கெமர் ஆண்டில் 15 நாள் நடக்கும் முன்னோர் திருவிழா. தேய்பிறை தொடங்கிய நாளிலிருந்து அமாவாசை வரை. அந்த வருடம் அக்டோபர் 2-இல் முடிந்தது. நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். அக்டோபர் 2, மகாளய அமாவாசை. 'பிச்சும்' என்றால் ஒன்றுகூடுதல். 'பென்' என்பது வேறொன்றுமில்லை, பிண்டம்தான். பிண்டம் பெற வரும் பசித்த ஆவிகளுக்குப் பெயர் 'ப்ரெத்'. பிரேதம். இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு? அந்த வாரம் முழுக்க டோச் க்னியாதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் நாள் வியாழக்கிழமை, புனோம் பென். காலையில் தேசிய அருங்காட்சியகம், மதியம் துவோல் ஸ்லெங். இரண்டையும் ஒரே நாளில் வைத்த திட்டக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அருங்காட்சியகம் செம்மண் நிறக் கட்டடம், நடுவில் தாமரைக் குளங்களோடு ஒரு முற்றம். 1920-இல் திறந்தது. உள்ளே எட்டுக் கை விஷ்ணு நிற்கிறார். கொஞ்சம் தள்ளி, கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்த கண்ணன். இருவருமே எங்கள் மாகாணத்து புனோம் தா குன்றிலிருந்து வந்தவர்கள். கண்ணனைப் பார்த்ததும் மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபம்தான் நினைவுக்கு வந்தது. உடனே சொல்லவும் சொன்னேன். நேபாளத்துப் பெண் அந்தச் சிலையைச் சுற்றி வந்து, "இவன் மட்டும் தனியா நிக்கிறானே, மத்தவங்க எங்க?" என்று கேட்டாள். மாமல்லபுரத்தில் மலையடியில் ஊரே ஒதுங்கியிருக்கும். பசு, கன்றை நக்கும். ஒருவர் பால் கறந்துகொண்டிருப்பார். இந்தக் கண்ணனுக்குப் பசு இல்லை, ஆயர் இல்லை. இடுப்பில் ஒரு சின்ன ஆடை கட்டிய பையன், ஒரு கையை உயர்த்தி, யாருக்காகத் தூக்குகிறோம் என்று தெரியாதவன்போல நிற்கிறான். பத்து நிமிடம் பார்த்தேன். மாமல்லபுரத்தை மனதிலிருந்து எடுத்த பிறகுதான் அவன் முகத்தில் இருந்த மெல்லிய சிரிப்பு கண்ணில் பட்டது.

துவோல் ஸ்லெங் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அது ஒரு உயர்நிலைப் பள்ளி. கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில், 1975 முதல் 1979 வரை, எஸ்-21 என்ற சிறை. வகுப்பறைக்குள் செங்கல் வைத்துத் தடுத்த அறைகள், ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாது. பையன்கள் உடற்பயிற்சி செய்த கம்பத்தில் மனிதர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே கொண்டுவந்த ஒவ்வொருவரையும் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படங்கள் வரிசை வரிசையாக, அறை அறையாக. நாடு முழுக்க அந்த நாலு வருடத்துக்குள் செத்தவர்கள் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை என்கிறார்கள். பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கத்தான் எல்லோரும் இந்த நாட்டுக்கு வந்திருந்தோம். தரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். வேனில் திரும்பும்போது யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாக் "எங்க போனீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பாக்குச் சீவல்போல வாழைப்பூவை மெல்லியதாக அரிந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "நானும் போயிருக்கேன், ரொம்ப நாளைக்கு முன்னாடி. அத்தனை படத்தையும் பார்த்தேன். எங்க அப்பா அதுல இல்ல." அவ்வளவுதான் சொன்னார். அரிந்த வாழைப்பூவை எலுமிச்சைத் தண்ணீரில் போட்டார்.

வெள்ளிக்கிழமை புனோம் சிசோர். நானூறுக்கு மேல் படிகள். உச்சியில் செம்புரைக்கல்லும் செங்கல்லுமாக ஒரு கோயில், 11ஆம் நூற்றாண்டு, முதலாம் சூரியவர்மன் காலம். மேலிருந்து பார்த்தால் கிழக்கே ஒரே நேர்க்கோட்டில் இடிந்த வாசல்கள், அப்புறம் ஒரு குளம், பிறகு வயலும் பனையுமாகத் தொடுவானம் வரை. மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வருடத்துக்கு நாலு முறை வரும் செய்தி ஒன்று உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள்: அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழ் மன்னன். நானே அதை இரண்டு பேருக்காவது தள்ளிவிட்டிருப்பேன். அதைக் கெமர் ஆசிரியையிடம், ஏதோ அவருக்கு நல்ல சேதி சொல்கிறவன்போல, சொன்னேன்.

நேக் க்ரூ கோபப்படவில்லை. கதவு நிலைப் பக்கம் கூட்டிப்போய்க் கல்லில் வெட்டியிருந்த எழுத்தைக் காட்டினார். "இது என்ன மொழி?"

தெரியவில்லை.

"அந்தக் காலத்துக் கோயில் கல்வெட்டெல்லாம் சமஸ்கிருதத்துலயும் பழைய கெமர்லயும்தான் இருக்கு. உங்க ராஜா கட்டியிருந்தா ஒரு வரியாவது உங்க மொழியில எழுதியிருக்க மாட்டாரா?" பிறகு சிரித்துக்கொண்டே, "எங்க பாட்டன்மார் கல்லு சுமக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?" என்றார்.

தஞ்சாவூர்க் கோயில் சுவரை நினைத்துக்கொண்டேன். யார் எத்தனை ஆடு கொடுத்தார், எத்தனை விளக்கு எரிய வேண்டும், ஆடல் மகளிர் எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள் என்பது வரை தமிழில் எழுதி வைத்தவர்கள், கடல் தாண்டிப் போய் அத்தனை பெரிய கோயிலைக் கட்டிவிட்டு ஊமையாகத் திரும்பியிருப்பார்களா? உண்மையில் ஒரு தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. ராஜேந்திர சோழனின் கரந்தைச் செப்பேட்டில், காம்போச அரசன் ஒருவன் நட்பு நாடித் தேர் அனுப்பிய செய்தி வருகிறது. அந்த அரசன் இந்தச் சூரியவர்மன்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் வந்தது அதற்கும் ஒரு நூறு வருடம் கழித்து. ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்குத் தேர் அனுப்பினான் என்பது எவ்வளவு நல்ல கதை! அது நமக்குப் போதவில்லை. அனுப்பியவனும் நாமாகவே இருக்க வேண்டியிருக்கிறது. அன்று இரவே குழுவில் எழுதினேன். மாமா ஒருவர் கட்டை விரலைக் கீழே காட்டிவிட்டு வெளியேறிவிட்டார். தீபாவளிக்குத் திரும்பச் சேர்ந்தார், அது வேறு விஷயம்.

சனிக்கிழமை நெசவுக் கிராமம். தாக்கியோ பட்டுக்குப் பெயர்போனது. வீடுகளுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே தறி. 'ஹோல்' என்ற துணியைக் காட்டினார்கள். "மதுரைச் சுங்குடி மாதிரியே முடிச்சுப் போட்டுச் சாயம்!" என்று வாயெடுத்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். சுங்குடியில் நெய்த துணியில் முடிச்சுப் போடுவோம். இங்கே துணியே இன்னும் இல்லை. வெறும் ஊடை நூலைச் சட்டத்தில் பூட்டி, கயிற்றுத் துணுக்கால் கட்டிக் கட்டிச் சாயம் ஏற்றி, அவிழ்த்து, மறுபடி கட்டி, அடுத்த நிறம் ஏற்றி, அப்புறம்தான் தறிக்குப் போகிறது. இன்னும் பிறக்காத துணியின் பூவை நூலிலேயே எண்ணி வைத்துவிடுகிறார்கள். தறியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். பேசவே இல்லை, எண்ணிக்கொண்டிருந்தாள். நாங்கள் சத்தம் போடாமல் வெளியே வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை படகு. எனக்கு அந்த வாரத்திலேயே பிடித்த நாள். தாக்கியோ ஊரிலிருந்து அங்கோர் போரேய்க்கு ஒரு கால்வாய் போகிறது. மழைக்காலத்தில் கால்வாய் எது, வயல் எது என்று தெரியாது. மொத்தமும் தண்ணீர். மூங்கிலில் கட்டிய மீன்வலைகள், தண்ணீருக்கு மேலே தலை மட்டும் தெரியும் புதர்கள், எருமை மேல் ஒரு சிறுவன். படகின் இயந்திரச் சத்தத்தில் பேச முடியாது. அதனால் நானும் யாரையும் எங்கள் ஊரோடு ஒப்பிடாமல் வந்தேன்.

அங்கோர் போரேய் இன்று ஒரு சின்ன ஊர். அங்கோருக்கெல்லாம் பல நூற்றாண்டு முன்பே இது மதில் சூழ்ந்த நகரம். தேதியிட்ட கெமர் எழுத்தில் மிகப் பழையது, 611ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இங்கேதான் கிடைத்தது. எழுத்து, தென்னிந்தியாவிலிருந்து போன எழுத்தின் வழியில் வந்தது. பல்லவ கிரந்தத்துக்கும் அதற்கும் ஒரே குடும்பம். ஏழு வாரமாகக் கெமர் எழுத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு அது ஒரு தனி உணர்ச்சி. 33 மெய்யெழுத்து, கிட்டத்தட்ட ஒவ்வொன்றுக்கும் அடியில் தொங்கும் குட்டி வடிவம் ஒன்று. அதைக் 'கால்' என்றே சொல்கிறார்கள். நாமும் துணைக்கால் என்கிறோம். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது, கல்வெட்டு மாதிரியே. ஆனால் அந்த 611 கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டபோது நேக் க்ரூ சொன்ன பதில்தான் மனதில் நின்றது. ராஜாவின் மெய்க்கீர்த்தி அல்ல. கோயிலுக்குக் கொடுத்த அடிமைகளின் பட்டியல். அந்த அடிமைகளைக் குறிக்கும் சொல் 'க்ஞும்'. இன்றைக்குக் கெமரில் 'நான்' என்பதற்கு அதுதான் சொல். ஏழு வாரமாக நான் வாயைத் திறந்தபோதெல்லாம் முதலில் சொன்ன வார்த்தை. நம்ம அடியேன். அடியேன் இப்போது கோயிலிலும் கேலியிலும்தான் மிச்சம். இங்கே கடைக்காரர், போலீஸ்காரர், பிரதமர், எல்லோருமே க்ஞும்தான்.

அங்கிருந்து கால் மணி நேரத்தில் புனோம் தா. சுற்றிலும் வெள்ளம், நடுவில் தீவுபோலக் குன்று. அருங்காட்சியகத்துக் கண்ணன் நின்ற இடம். உச்சியில் செம்புரைக்கல் கோபுரம் ஒன்று. பக்கத்து மேட்டில் கருங்கல்லில் சின்னதாக ஒரு கோயில், பெயர் ஆஸ்ராம் மகா ரோசெய். பெயரை மெல்லச் சொல்லிப் பாருங்கள்: மகரிஷி ஆசிரமம். உள்ளே சாமி இல்லை. யாரோ ஊதுபத்தி கொளுத்தி, ஒரு வாழைப்பழம் வைத்திருந்தார்கள். எறும்பு மொய்த்திருந்தது.

திங்கட்கிழமை வெளியே போகவில்லை. பலகார நாள். மாக்கின் தங்கைகள், மருமகள்கள், பக்கத்து வீட்டார் என்று பத்துப் பதினைந்து பெண்கள் வீட்டுக்கடியில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் மரத்தடியில் பீர். இதில் மட்டும் டோச் க்னியா என்று யாருடைய அனுமதியும் இல்லாமல் சொல்லலாம்.

முதலில் நும் கோம். அரிசி மாவுக்குள் தேங்காயும் பனஞ்சீனியும் கிளறிய பூரணம், வாழையிலையில் கூம்பாக மடித்து ஆவியில் வேகவைப்பது. கொழுக்கட்டைதான், வேறென்ன. என்னால் நன்றாகச் செய்ய முடிந்தது, பாராட்டும் கிடைத்தது. அடுத்தது நும் அன்சாம். அங்கேதான் மானம் போயிற்று. ஊறவைத்த ஒட்டரிசியை வாழையிலையில் பரப்பி, நடுவில் பன்றிக்கறியும் பாசிப்பருப்பும் வைத்து, அல்லது வாழைப்பழம் வைத்து, உருளையாகச் சுருட்டி, வாழைநாரால் வரிசையாக இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டு தளர்ந்தால் வேகும்போது தண்ணீர் புகுந்துவிடும். ரொம்ப இறுக்கினால் அரிசி உப்பி இலை கிழியும். மாக் இடது கை பெருவிரலால் இலையின் ஓரத்தை உள்ளே தள்ளி, உருளையைச் செங்குத்தாக நிறுத்தி, கையால் தட்டி அரிசியை இறக்கி, அதே வேகத்தில் நாரை இரண்டு சுற்று சுற்றி முறுக்கிச் செருகுவார். முடிச்சே போடுவதில்லை. நான் நாலு அன்சாம் கட்டினேன். மூன்று சட்டிக்குள் அவிழ்ந்து கஞ்சியாயின. நாலாவதை மாக் எடுத்துப் பார்த்துவிட்டு அவிழ்த்துத் தானே கட்டினார்.

அடுப்பு விடிய விடிய எரியும். இரவு எட்டு மணிக்கு மேல் கூட்டம் கலைந்ததும், மாக் ஒரு நோட்டுத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கோயிலில் பிக்குகள் வாசிக்க வேண்டிய பெயர்ப் பட்டியல். முன்னோர் பெயர்களைக் குடும்பம் எழுதிக் கொடுக்கும், அவர்கள் உரக்க வாசித்துப் புண்ணியத்தை அனுப்பி வைப்பார்கள். மருமகன் எழுதிய பட்டியல் அது. இருபதுக்கு மேல் பெயர்கள். அப்பா, பெரியண்ணன், சின்னண்ணன், இரண்டு அத்தைமார். "கீழ இடம் இருக்கு. உங்க அப்பா பேரை எழுது" என்றார்.

அப்பா இறந்ததை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்கவும் இல்லை. கெமர் எழுத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். நம்முடைய ழகரம் அந்த எழுத்தில் இல்லை. லகரம் போட்டேன். அப்பாவுக்கு அதில் ஆட்சேபம் இருக்காது, கடைக் கணக்கில் அவரே அப்படித்தான் எழுதுவார்.

"என்னைக்குப் போனார்?" என்று கேட்டார் மாக். திதி என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்த கெமரில் சொன்னேன். தேய்பிறையில் ஏழாம் நாள் போனார், அதனால் ஒவ்வொரு வருடமும் அந்த மாதத்துத் தேய்பிறை ஏழாம் நாள்தான் அவருக்குக் கொடுப்போம் என்றேன். மாக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போனாங்க. அப்ப எனக்குப் பத்து வயசு. நெல்லு அறுக்கிற காலம். அவ்வளவுதான் தெரியும்" என்றார். அந்த நாலு வருடமும் கோயில்களை மூடி, பிக்குகளின் காவியைக் களைந்துவிட்டிருந்தார்கள். செத்தவர்களுக்கு ஒரு உருண்டை சோறு போடவும் வழியில்லை. உயிரோடு இருந்தவர்களுக்கே சோறில்லை.

எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். எங்கள் ஊரிலும் இறந்த திதி தெரியாதவர்கள் உண்டு, அவர்களுக்காகவே ஒரு நாள் வைத்திருக்கிறோம், அது உங்கள் பிச்சும் பென் நாளேதான், இந்த அமாவாசைதான்.

மாக் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குன்னு ஒரு நாளே வைக்கிற அளவுக்கு அத்தனை பேரா? உங்க ஊர்ல என்ன நடந்தது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. அமாவாசை என்றால் கடலுக்குப் போவோம், எள்ளும் தண்ணீரும் இறைப்போம், வீட்டுக்கு வந்து வடை தின்போம். பஞ்சத்தில் போனவர்கள், கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்கள், தோட்டக்காட்டில் செத்தவர்கள், கடலுக்குப் போன வள்ளக்காரர்கள் என்று எத்தனை பேருக்குத் தேதி தெரியாமல் போனதால் இந்த நாள் நிலைத்ததோ. "தெரியல, மாக்" என்றேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அதிகாலை மூன்றரைக்கு எழுப்பினார்கள். வெள்ளைச் சட்டை. மாக்கின் மருமகன் மோட்டார் சைக்கிளில் மூவர். மழை விட்டிருந்தது. வாட் என்கிற புத்தர் கோயிலின் வாசலில் பத்தி மணம், ஒலிபெருக்கியில் பிக்குகள் ஓதும் பாலி. சின்ன எவர்சில்வர் தட்டில் எள் கலந்த ஒட்டரிசி உருண்டைகள், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி. விடிவதற்குள் முடிக்க வேண்டும். ப்ரெத்துகளுக்கு வெளிச்சம் ஆகாது. சிலதுக்கு வாய் ஊசிக்காதளவுதான். பசியோடு ஏழு வாட்டுகளில் போய்த் தேடுவார்களாம், எதிலும் தனக்கென்று சொந்தக்காரர் வைத்த சோறு இல்லையென்றால் சபித்துவிட்டுப் போவார்களாம். கோயிலை வலம்வந்தபடியே எல்லோரும் இருட்டுக்குள் உருண்டைகளை எறிந்தார்கள். வைப்பதில்லை, எறிவது. ஈரத்தரையில் பொத் பொத்தென்று விழும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் நடப்பவர் முகம் தெரியாது. யாரோ ஒருவர் ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு பெயரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மாக் என் உள்ளங்கையில் இரண்டு உருண்டை வைத்தார். "உங்க அப்பாவுக்கு இங்க வர்றது ச்ஙாய் இல்ல?" என்றார். தூரம் இல்லையா என்று. ஞாபகமாகத்தான் அந்த வார்த்தையைப் போட்டார் என்று நினைக்கிறேன். இருட்டில் சிரித்தாரா என்று தெரியவில்லை.

எறிந்தேன். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் தலை தானாக மேலே போனது, காக்கையைத் தேடி. காக்கை எழுந்திருக்காத நேரம். கீழே, விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில், கோயில் நாய்கள் நாலைந்து அவசரமில்லாமல் வந்தன. ஒரு கறுப்பு நாய் என் உருண்டையை முகர்ந்தது, எள்ளை நக்கியது, அப்புறம் முழுசாகத் தின்றுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தது. "நாய் தின்னுடுச்சே" என்றேன். "அதுக்கும் பசிதானே" என்று மாக் அடுத்த மூலைக்கு நடந்தார்.

மறுநாள் அமாவாசை. பலகாரத் தூக்குகளோடு ஊரே வாட்டில் கூடியிருந்தது. பிக்கு பட்டியலை வாசித்தபோது மாக் கைகூப்பிக் கண்மூடி இருந்தார். அப்பாவின் பெயர் கடைசி. என் எழுத்தில் ஏதோ கோளாறு, பிக்கு கொஞ்சம் தடுமாறி, வேறு யாருடையதோ போன்ற ஒரு பெயரைச் சொல்லிக் கடந்துவிட்டார்.

மத்தியானம் அம்மா போன் செய்தாள். தம்பி திருச்செந்தூர்க் கடலில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான், வடை பாயசம் ஆயிற்று, நல்ல வெயில். நானும் இங்கே கோயிலில் அப்பாவுக்குச் சோறு போட்டதைச் சொன்னேன்.

"போட்டியால? நல்லா இரு. அங்கயும் நம்ம ஊர் மாதிரித்தானா எல்லாம்?"

"ஆமாம்மா, அதே மாதிரித்தான்."

"காக்கா எடுத்துச்சா?"

வீட்டுப் படிக்கட்டுக்கடியில் மாக்கின் மஞ்சள் நாய் அன்சாம் இலை ஒன்றைக் காலால் அமுக்கிப் பிடித்து நக்கிக்கொண்டிருந்தது.

"எடுத்துச்சும்மா" என்றேன். "போட்ட உடனே எடுத்துச்சு."